ட்ரோன் பயிற்சி: பறக்கவிடுவதை நன்றாகக் கற்பித்தார்கள், சட்டத்தை அவசரமாக முடித்தார்கள்

திருமண ஒளிப்பதிவுத் தொழிலில் இருக்கும் நான், கடந்த ஆடி மாதம் மதுரையை ஒட்டிய ஒரு பயிற்சி மையத்தில் ஐந்து நாள் பயின்று, ட்ரோன் இயக்குவதற்கான சான்றிதழ் பெற்றேன். 250 கிராமுக்கு மேல் 2 கிலோ வரையிலான ட்ரோனைப் பொழுதுபோக்குக்காகப் பறக்கவிடுபவருக்கு அது கட்டாயமில்லை. ஆனால் கூலி வாங்கிக்கொண்டு கல்யாணத்தைப் படம்பிடித்தால், 2021-ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி கட்டாயமாகிவிடுகிறது.

களப்பயிற்சியில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆடிக் காற்று புழுதியை வாரியடித்த ஒரு பிற்பகலில், ஜிபிஎஸ் துணையை அணைத்துவிட்டு ட்ரோனை எட்டு வடிவில் ஓட்டச் சொன்ன பயிற்றுநர், அது காற்றோடு விலகிய ஒவ்வொரு முறையும் என் இடது கட்டைவிரலைத் தொட்டு, எவ்வளவு தளர்த்த வேண்டும் என்று காட்டினார். பறப்பதற்கு முன் பேட்டரியை உள்ளங்கையில் வைத்து, வீங்கியிருக்கிறதா என்று தடவிப் பார்க்கும் பழக்கமும் அவர் தந்ததுதான்.

சட்ட வகுப்பு அப்படியில்லை. முன் அனுமதி தேவையில்லாத பச்சை மண்டலத்தில் 400 அடி வரை பறக்கலாம் என்பதையும், விமான நிலையத்தின் சுற்றெல்லையிலிருந்து 12 கிலோமீட்டர் வரை, அனுமதி பெற்றே பறக்க வேண்டிய மஞ்சள் மண்டலம் நீள்கிறது என்பதையும் சொன்னார்கள். அதற்குள் நகரின் தென்பகுதி முழுவதும் அடங்கிவிடுவதால் எங்களுக்கு அது மிகவும் தேவையான செய்திதான். ஆனால் மாநில அரசுக்கும் காவல்துறைக்கும் இருக்கும் அதிகாரத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. வான்வெளிச் சட்டம் இயற்றுவது ஒன்றிய அரசு என்றாலும், அவசரத் தேவை எழுந்தால் மாநில அரசோ காவல்துறையோ குறிப்பிட்ட பகுதியை ஒரு முறைக்கு 96 மணி நேரம் வரை தற்காலிகச் சிவப்பு மண்டலமாக, அதாவது ட்ரோன் பறக்கத் தடையுள்ள இடமாக, அறிவிக்கலாம். அந்த உத்தரவைக் காவல் கண்காணிப்பாளருக்குக் குறையாத நிலையிலுள்ள அதிகாரி பிறப்பிக்க வேண்டும். தலைவர்களின் வருகையும் பெருந்திருவிழாக்களும் ஓயாத மதுரையில் தொழில் செய்பவர் முதலில் அறிய வேண்டியது இதைத்தான்.

இதை அறியாத நான், சான்றிதழ் கையிலிருக்கும் தைரியத்தில் மறுமாதமே ஒரு முகூர்த்தத்துக்கு முன்பணம் வாங்கி, தடை அமலில் இருந்த நாளில் ட்ரோனைப் பெட்டியை விட்டு எடுக்க முடியாமல், பெண் வீட்டாரிடம் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். இப்போது படப்பிடிப்புக்கு முந்தைய மாலை ட்ரோன்களுக்கான ஒன்றிய அரசின் இணையதளமான டிஜிட்டல் ஸ்கையின் வரைபடத்தைப் பார்ப்பதோடு, அந்தப் பகுதிக் காவல் நிலையத்திலும் நேரில் கேட்டுக்கொள்கிறேன்.

கை பழக வேண்டுமென்றால் இம்மையத்தில் தயங்காமல் சேரலாம். சட்டப் பாடத்துக்கு மட்டும் விதிகளை முழுமையாகப் படித்து, கேள்விகளை எழுதி எடுத்துக்கொண்டு செல்லுங்கள். கேட்டால் அந்தப் பயிற்றுநர் பொறுமையாகவே விளக்குகிறார்.