சன்னியைக் கொடுத்து அக்வா எடுத்தால்: வன்னி ஓட்டத்தில் வரும் கணக்கு

எஃப்பி15 நிசான் சன்னி ஏசி போட்டபடி கண்டி–யாழ்ப்பாணம் ஏ9 வீதியில் லீற்றருக்கு 11 கிலோமீற்றர் அளவில் ஓடும். உள்ளொழுங்கையும் கிரவல் றோட்டும் கலந்தால் 9க்கு இறங்கிவிடும். அதே பாதையில், பெற்றோல் எஞ்சினோடு மின் மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட் காரான டொயோட்டா அக்வா 21 தரும். கிரவல் கலந்தால் 17, 18. முக்கால்வாசிப் பேர் இந்த இரண்டு எண்ணையும் கேட்டுவிட்டு நேரே கார் சேலுக்குப் போய்விடுகிறார்கள். மாதம் எத்தனை கிலோமீற்றர் ஓடுகிறது என்ற மூன்றாவது எண்ணைக் கேட்பவர் குறைவு. லாபமா நட்டமா என்று தீர்ப்பது அதுதான்.

கணக்குக்கு வசதியாகப் பெற்றோல் லீற்றர் 300 ரூபா, பழைய காரைக் கொடுத்தபிறகு கையால் போடவேண்டிய காசு 30 லட்சம் என்று வைப்போம். மாதம் 500 கிலோமீற்றர் ஓடுகிற வீட்டில் மிச்சப்படுவது 22 லீற்றர், அதாவது 6,600 ரூபா. 30 லட்சம் திரும்பி வர 38 வருடம் செல்லும். கார் அதற்கு முன்னமே இரும்புக் கடைக்குப் போய்விடும். 1,500 கிலோமீற்றர் ஓடினால் 65 லீற்றர், 19,500 ரூபா; கிட்டத்தட்ட 13 வருடம். வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கு நாளாந்தம் வேலைக்கு வந்துபோகிறவருக்கு ஒருபக்கம் ஏறத்தாழ 80 கிலோமீற்றர், மாதத்தில் 22 நாள் என்றால் 3,500ஐத் தாண்டும். அங்கேதான் கணக்கு உயிர் பிடிக்கிறது: மாதம் 150 லீற்றர், 45,000 ரூபா, ஐந்தரை வருடம். நாலு ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு காரில் போய்வந்தால் எல்லாருக்குமே வாய்ப்பு.

லீசிங் போட்டு எடுப்பவர்கள் இன்னொரு கோடு கூட்டவேண்டும். 30 லட்சத்துக்கு ஆண்டுக்கு 12 வீதம் என்றாலும் தொடக்கத்தில் வட்டி மட்டும் மாதம் 30,000 அளவில் வரும். 1,500 கிலோமீற்றர் ஓடுகிறவருடைய பெற்றோல் மிச்சம் அந்த வட்டிக்கே காணாது.

பிறகு ஏன் சனம் மாற்றுகிறது? 2022 பெற்றோல் தட்டுப்பாட்டை மறக்க முடியாது என்பதுதான் ஒரு காரணம். அந்த ஆனி மாதக் கடைசியில் 92 ஒக்ரேன் லீற்றர் 470 ரூபா. ஆடியில் கியூஆர் அட்டை வந்து, காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்றார்கள். முல்லைத்தீவிலிருந்து மாங்குளத்தால் வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போய்வர 190 கிலோமீற்றர் அளவில் பிடிக்கும். சன்னிக்கு அந்த 20 லீற்றரும் ஒரு தடவைக்குத்தான் சரி. அக்வா இரண்டு தடவை போய்வந்து வீட்டிலும் கொஞ்சம் மிச்சம் வைத்திருக்கும். இந்த நிம்மதிக்கு ஒரு விலை போடலாம், தப்பில்லை. அதைப் பெற்றோல் கணக்கில் சேர்த்துச் சொல்லாமல் இருந்தால் சரி.

அக்வா அறிமுகமானபோது யப்பான் அளவீட்டில் லீற்றருக்கு 35.4 என்று போட்டிருந்தார்கள். அந்த எண்ணை வன்னியில் யாரும் காணப்போவதில்லை. ஹைபிரிட் காரின் பெரிய ஆதாயம் நின்று நின்று ஓடும் நகரத்தில்தான். பிறேக் பிடிக்கும்போது வீணாகும் சக்தி பற்றரிக்குத் திரும்பும், நிற்கும்போது எஞ்சின் ஓயும். ஓமந்தை தாண்டி மாங்குளம் வரை எங்கே பிறேக் பிடிக்கிறீர்கள்? மாடு குறுக்கே வந்தால்தான். நெடுவீதியில் அக்வா மிச்சம் பிடிப்பது எஞ்சினின் சிக்கனத்தாலும் காரின் பாரக் குறைவாலும். 65, 70இல் ஓடினால் 22, 23 கூட வரும். 95இல் பிடித்தால் 18க்கு விழும். வேகமாக ஓடிப் பழகியவருக்கு ஹைபிரிட்டுக்குக் கொடுத்த காசில் ஒரு பங்கு றோட்டோடு போகும்.

மாற்றுவதற்கு முன் பழைய கார் உண்மையில் எவ்வளவு ஓடுகிறது என்று அளந்து பாருங்கள். ஒரே பெற்றோல் செட், ஒரே பம்ப். தானாக வெட்டும்வரை அடித்து நிறுத்துங்கள், மேலே சொட்டுச் சொட்டாக நிரப்ப வேண்டாம். மீற்றரைக் குறியுங்கள். குறைந்தது 300 கிலோமீற்றர் ஓடியபின் அதே பம்பில் மறுபடி நிரப்பி, ஓடிய தூரத்தை அடித்த லீற்றரால் பிரியுங்கள். மூன்று தரம் செய்தால்தான் நம்பலாம். அக்வாவுக்கும் இதே முறைதான். டாஷில் காட்டும் சராசரி பெரும்பாலும் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும்.

சன்னி ஏ9இலேயே 8, 9தான் தருகிறது என்றால் காரை விற்கும் யோசனைக்கு முன் பொனற்றைத் திறவுங்கள். எங்கள் பக்கத்துக் கராஜ்களில் ஒரு பழக்கம் இருக்கிறது. கார் ஒருதரம் சூடேறினால் தேர்மோஸ்ரற்றைக் கழற்றி எறிந்துவிட்டு, ‘இனிப் பிரச்சினை இல்லை அண்ணை’ என்று அனுப்பிவிடுவார்கள். எஞ்சின் பிறகு சரியான சூட்டுக்கு வரவே வராது. குளிர் எஞ்சின் என்று கம்பியூட்டர் கூடுதல் பெற்றோல் தெளித்துக்கொண்டே இருக்கும். சூட்டு முள் நடுவுக்கு வராமல் கீழே கிடந்தால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். அடுத்து எயார் ஃபில்ரர். செம்மண் தூசுக்கு 5,000 கிலோமீற்றருக்கு ஒருக்கால் பார்க்க வேண்டும். எயார் ஃபுளோ சென்சரை அதற்கான ஸ்பிறேயால் மட்டும் கழுவுங்கள், துணி படக்கூடாது. முன் ஒக்சிஜன் சென்சர் பழுதானால் புகைக்குழாய் முனை கரிக்கறுப்பாக இருக்கும். நாலு சில்லையும் ஜக்கில் தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள், ஒன்று இறுகினால் அந்தப் பிறேக் பிடித்தபடி கிடக்கிறது. ரயர் காற்று ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவுக்கு இருக்கவேண்டும். இவ்வளவும் செய்து 9 என்பது 11 ஆனால், மாதம் 500 கிலோமீற்றர்க்காரர் பேசாமல் சன்னியையே வைத்திருக்கலாம்.

இனி எதை எடுப்பது. வகன் ஆர் ரவுன் ஓட்டத்துக்கும் ஒழுங்கைக்கும் நல்ல கார். 660 சிசி, 155/65ஆர்14 ரயர், 27 லீற்றர் டாங்கி. அதில் ஹைபிரிட் என்று சொல்லப்படுவது உதவிக்கு வரும் சின்ன மோட்டார்தான். பெரிய பற்றரிச் செலவு இல்லை என்பது நன்மை. ஐந்து பேரோடு ஏசி போட்டு ஏ9இல் பஸ்ஸை முந்துவது அதன் வேலை இல்லை. ஹொண்டா ஃபிற் ஜிபி5 ஓட அருமையாக இருக்கும், ஆனால் அதன் இரட்டைக் கிளச் கியர்பெட்டியை மீளமைக்கத் தெரிந்த கையை முதலில் தேடி வைத்துக்கொண்டு வாங்குங்கள். ஆயிரம் சிசி விற்ஸ் சலிப்பான கார், அதிகம் தொல்லை தராத கார். மாதம் ஆயிரத்துக்குள் ஓடுகிறவர்களுக்கு ஹைபிரிட்டைவிட அதுவே பொருந்தும். வயலிலிருந்து நெல்மூட்டை ஏற்றுகிறவர் இந்தப் பட்டியலையே பார்க்கத் தேவையில்லை.

அக்வாதான் என்று முடிவெடுத்தால், பார்க்கப் போகும்போது, காரின் கம்பியூட்டரில் பழுதுக் கோட்டை வாசிக்கும் ஸ்கான் கருவியுடன் ஒரு ஆளையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஹைபிரிட் பற்றரி பின் சீற்றுக்குக் கீழே. நிக்கல் வகை, 20 மொடியூல் (தனித்தனிப் பற்றரிக் கட்டு), மொத்தம் 144 வோல்ற். பி0ஏ80 என்ற கோட் வந்தால் பற்றரி முடிந்தது. வராவிட்டால் நல்லது என்று அர்த்தமில்லை. காலையில் கோட்டை அழித்துவிட்டுக் காரைக் காட்டுவது இப்போது எல்லா இடமும் நடக்கிறது. அதனால் ஓடவைத்து, அக்சிலேற்றரை நன்றாக அமத்தும்போது பற்றரியின் பகுதிகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகுகின்றன என்று பாருங்கள். எல்லாம் சேர்ந்து இறங்கிச் சேர்ந்து ஏறவேண்டும். ஒன்று மட்டும் பொத்தென்று விழுந்தால் அந்தக் காரை விடுங்கள்.

கருவி இல்லாமலும் பார்க்க வழி உண்டு. கிளிநொச்சியிலிருந்து முறிகண்டி வரை ஓட்டிப் போங்கள். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கும் நேரத்தில் காரை அணைக்காமல், ஏசியைப் போட்டு, டாஷில் ‘ரெடி’ எரிந்தபடி விடுங்கள். அக்வாவின் ஏசி மின்சாரத்தில் ஓடுவதால் எஞ்சின் ஓய்ந்தே நிற்கும், திரையில் பற்றரிக் கட்டங்கள் ஒவ்வொன்றாக இறங்கும். பாதிக்கு மேல் நிரம்பியிருந்த நல்ல பற்றரி ஏழெட்டு நிமிடமாவது தாங்கும். இரண்டு நிமிடத்தில் எஞ்சின் பிடித்து, உடனே கட்டங்கள் மளமளவென்று நிரம்பி, மறுபடி இரண்டு நிமிடத்தில் விழுந்தால் அதன் கொள்ளளவு போய்விட்டது. பின் சீற்றுப் பக்கம் விசிறி இரைந்துகொண்டே இருந்தாலும் பற்றரியைச் சந்தேகிக்க வேண்டும்.

‘பற்றரி புதுசாப் போட்டது’ என்றால் பில்லைக் கேளுங்கள். பழுதான இரண்டு மொடியூலை மட்டும் மாற்றினதையும் சனம் புதுப் பற்றரி என்றே சொல்லும். மற்றப் பதினெட்டும் அதே வயதுக் கிழவர்கள். சில மாதத்தில் அடுத்தது படுக்கும். பிறேக்கையும் காதால் பார்க்க வேண்டும்: நிற்கும் காரில் பெடலைப் பலமுறை அமத்திவிட்டுக் காத்திருங்கள். முன்பக்கம் ‘கிர்ர்’ என்ற மோட்டார்ச் சத்தம் ஒருதரம் வந்து ஓயவேண்டும். பெடலைத் தொடாமலே சில விநாடிக்கு ஒருக்கால் வந்துகொண்டிருந்தால் பிறேக் அழுத்தம் உள்ளுக்குள் கசிகிறது. அந்தப் பாகத்தின் விலை பற்றரி விலையோடு போட்டி போடும்.

‘லேடி டொக்டர் ஓடின கார், தம்பி’ என்ற கதையைச் சிரித்துக் கேட்டுவிட்டு, சேசி இலக்கத்தைக் கொண்டு யப்பான் ஏலத் தாளை எடுத்துப் பாருங்கள். பாவித்த காராக வந்ததற்கு அது கிடைக்கும். அதில் ஆர் என்ற தரம் இருந்தால் அடிபட்டுத் திருத்திய கார். தாளில் உள்ள கிலோமீற்றரையும் டாஷையும், பிறேக் பெடல் றப்பரின் தேய்வையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள்.

மாற்றும் பேரத்தில் ஏமாறுவது ஒரே இடத்தில்தான். சேல்காரர் சன்னிக்கு நீங்கள் எதிர்பார்க்காத விலை சொல்லி மனதைக் குளிரவைப்பார். அந்தத் தொகை அக்வாவின் விலையில் ஏறியிருக்கும். முதலில் பழைய காரைப் பற்றி வாய் திறக்காமல் அக்வாவின் கைக்காசு விலையைக் கேளுங்கள். பிறகு மாற்றினால் எவ்வளவு கட்டவேண்டும் என்று கேளுங்கள். முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் வருவதே சன்னிக்கு அவர் உண்மையில் தரும் விலை. அதே காரை ஊருக்குள் நேரடியாக விற்றால் பெரும்பாலும் அதைவிடக் கூடவே வரும். விற்பதற்காகப் பெயின்ற் அடிக்க வேண்டாம், புதுப் பெயின்ற்றைக் கண்டால் வாங்குபவர் அடிபட்ட கார் என்றே நினைப்பார். எஞ்சின் லைற் அணைந்திருக்கட்டும், புகைச் சான்றிதழும் வருமான அனுமதிப் பத்திரமும் நடப்பில் இருக்கட்டும், அது போதும்.

பெயர்மாற்றப் பத்திரத்தை வெறுமையாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வருவது இங்கே சர்வசாதாரணம். சேல்காரர் அதை அப்படியே மூன்றாவது, நாலாவது ஆளிடம் தள்ளுவார். அந்தக் கார் எங்கேயாவது ஆளை இடித்தால் பொலிஸ் வருவது பதிவுப் புத்தகத்தில் பெயர் உள்ளவர் வீட்டுக்கு. வாங்குபவர் பெயர், அடையாள அட்டை இலக்கம், திகதி மூன்றையும் நிரப்பிப் பிரதி எடுத்துக்கொண்டு, கைமாறியதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு நீங்களே அறிவியுங்கள்.

வாங்கியபின் அக்வாவைக் கெடுப்பது தூசு. பின் சீற்றின் அடியோரத்தில் ஒரு கிறில் இருக்கிறது. பற்றரி மூச்சுவிடும் வாய் அது. அதன்மேல் பாயை விரிக்காதீர்கள், அரிசிப் பையைச் சாய்க்காதீர்கள். ஒட்டுசுட்டான், துணுக்காய்ப் பக்கம் ஓடும் காரில் கிறிலைக் கழற்றினால் உள்ளே விசிறி இதழ்களில் செம்மண் கம்பளி போலப் படிந்திருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருக்கால் வடிகட்டியை ஊதுங்கள், வடிகட்டி இல்லாத காரில் வருடத்துக்கு ஒருக்கால் விசிறியையே கழற்றிப் பிறஷ்ஷால் துடையுங்கள். கிரவலில் ஓடும்போது ஏசியை உட்சுற்றில் போட்டு கண்ணாடியை மூடி வைத்தால் பாதித் தூசு உள்ளே வராது. பற்றரி சூடேறினால்தான் சாகிறது. சித்திரை வெயிலில் நிறுத்திய காரில் ஏறியதும் உடனே வெளிக்கிடாமல் கதவைத் திறந்து சூட்டைப் போகவிடுங்கள்.

ஒயில் 0டபிள்யூ-20, ஃபில்ரரோடு 3.7 லீற்றர். கடைக்காரர் வெக்கை நாட்டுக்குத் தடிப்பான ஒயில்தான் நல்லது என்பார். போட்டால் லீற்றருக்கு ஒரு கிலோமீற்றர் அளவில் குறைந்துவிடலாம். அடித்தளம் தரையிலிருந்து 140 மில்லிமீற்றர்தான். கீழேயுள்ள பிளாஸ்ரிக் தட்டின் கிளிப் உடைந்து அது றோட்டில் இழுபடுவதுதான் வன்னியில் அடிக்கடி வரும் முறைப்பாடு. காரில் நாலு கேபிள் ரை வைத்திருங்கள்.

ஒருநாள் காலையில் ‘ரெடி’ வராமல் திரை முழுக்க எச்சரிக்கை மின்னினால் பெரிய பற்றரி போய்விட்டது என்று யாரும் பயமுறுத்த விடாதீர்கள். முதலில் 12 வோல்ற் பற்றரியை அளக்கச் சொல்லுங்கள். அதுவும் பின் சீற்றுக்குக் கீழேதான் இருக்கிறது, வாயுக்குழாய் பொருத்தும் மூடிய வகை. மலிவாக இருக்கிறதென்று சாதாரண அமிலப் பற்றரியைப் போட்டால் அதன் ஆவி காருக்குள்ளேயே வரும்.

மாரியில் குளம் வான் பாய்ந்து றோட்டுக்கு மேலாகத் தண்ணீர் ஓடும் இடத்தில் சன்னியை மெல்ல உருட்டிப் போகிறவர்கள் உண்டு. அக்வாவைத் திருப்புங்கள். 144 வோல்ற் சீற்றுக்குக் கீழே, கால்வைக்கும் மட்டத்தில் இருக்கிறது. 2018 மார்கழியிலும் 2025 கார்த்திகையிலும் வெள்ளம் நின்ற இடங்களில் நின்ற கார்களும் இன்று விற்பனைக்கு வரலாம். பின் சீற்பெல்ற்றைக் கடைசி வரை இழுத்து, நாடாவில் சேற்றுக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள்.