விபத்துக்குப் பிறகு: மீண்டும் இயக்குவதா, மூடுவதா?

அணுமின் நிலையத்தில் நடந்த இரண்டு தீ விபத்துகள்: 1989 அக்டோபரில் ஸ்பெயினின் வாண்டெயோஸ் 1, 1993 மார்ச் 31 அன்று உத்தரப் பிரதேசத்தின் நரோரா 1. இரண்டிலும் டர்பைன் தகடு முறிந்தது. ஜெனரேட்டரைக் குளிர்விக்கும் ஹைட்ரஜன் கசிந்து பற்றிக்கொண்டது. இரண்டிலும் எரிபொருள் பத்திரமாகவே இருந்தது. நரோரா மறுபடியும் ஓடியது, வாண்டெயோஸ் மூடப்பட்டது. ஆக, சேதத்தின் அளவை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது.

நரோராவில் கேபிள்கள் எரிந்து, சுமார் 17 மணி நேரம் நிலையத்துக்கு மின்சாரமே இல்லை. டீசலில் ஓடும் தீயணைப்பு பம்புகளால் நீராவிக் கலன்களுக்கு (உலையின் வெப்பத்தால் நீராவி உண்டாகும் கலன்கள்) தண்ணீர் அனுப்பி உலையைக் குளிர்வித்தார்கள். காரணம் கண்ணெதிரே இருந்தது: தகட்டின் வடிவமைப்பு, மாற்றுக் கேபிள்களும் ஒரே தீயில் சிக்கும்படி போடப்பட்டிருந்தது. தகட்டை மாற்றலாம், கேபிள்களைப் பிரித்துத் தீத்தடுப்பு போடலாம். வாண்டெயோஸிலும் இதே மாதிரி வேலைதான். ஆனால் அது நியூட்ரான்களை மெதுவாக்க கிராஃபைட்டும் குளிர்விக்க வாயுவும் கொண்ட பழைய வடிவ உலை. அணுசக்தி ஒழுங்குமுறை அமைப்பு கேட்ட மேம்பாடுகளுக்கான செலவு கட்டுப்படியாகவில்லை. மூடியது சரியான முடிவு என்றே சொல்வேன். மீதமிருக்கும் ஆயுளுக்கு அந்தச் செலவு தாங்காது.

அடுத்தது, சேதமடையாத பக்கத்து அலகு. அமெரிக்காவின் மூன்று மைல் தீவு அணுமின் நிலையத்தில் 1979-இல் உருகியது 2-ஆம் அலகு. எரிபொருள் மாற்றுவதற்காக அப்போது நிறுத்தப்பட்டிருந்த 1-ஆம் அலகு, 1985 அக்டோபரில்தான் மறுபடி ஓடத் தொடங்கியது. 2-ஆம் அலகில் விளக்கு ஒன்று ஆட்களை ஏமாற்றியிருந்தது: அழுத்தம் குறைக்கும் வால்வுக்கு 'மூடு' என்ற மின்கட்டளை போனதை அது காட்டியதே தவிர, வால்வு மூடியதா என்பதைக் காட்டவில்லை. அதனால் பழுது இயந்திரத்தோடு நிற்கவில்லை. பயிற்சி, நடைமுறை, நிர்வாகம் எல்லாமே விசாரணைக்கு வந்தன.

காத்திருப்பதும் இலவசமல்ல. அந்த ஆண்டுகளில் சும்மா நின்ற 1-ஆம் அலகின் நீராவிக் கலன்களில் தயோசல்பேட் என்ற கந்தக வேதிப்பொருள் கலந்து, குழாய்களின் மேல்முனைகளை அரித்து விரிசல் விடச் செய்தது. இரு கலன்களிலும் சேர்த்து சுமார் 31,000 குழாய்கள். பெரும்பாலானவற்றின் முனைக்குள் சிறு வெடிபொருளை வைத்து வெடித்து, குழாயை விரித்து, குழாய்களைத் தாங்கும் தகட்டோடு இறுக்கினார்கள். உலையை நிறுத்தி வைக்க முடிவெடுத்தால் நீரின் வேதியியலையும் தினமும் கவனித்தாக வேண்டும். பலர் மறக்கும் செலவு இது.

மூன்றாவது, அடிபட்ட உலையையே பிரித்துப் புதுப்பிப்பது. இது எரிபொருளைத் தனித்தனிக் குழாய்களில் வைக்கும் கனநீர் உலை போன்றவற்றுக்குத்தான் கைகொடுக்கும். இந்தியாவின் 220 மெகாவாட் கனநீர் உலையில் 306 குளிர்விப்புக் குழாய்கள், ஒவ்வொன்றையும் தனியே கழற்றலாம். எரிபொருள் முழுவதும் ஒரே அழுத்தக் கலனுக்குள் இருக்கும் உலையில் கலனே போனால் கதை முடிந்தது.

இந்த வகை உலைகள் உள்ள குஜராத்தின் காக்ராபாரில் 2015 ஜூலையில் 2-ஆம் அலகில் குழாய் கசிந்தது. 1-ஆம் அலகு தொடர்ந்து ஓடியது, 2016 மார்ச்சில் அதுவும் கசிந்தது. குழாய்களைச் சுற்றியிருந்த கரியமில வாயுவில் ஹைட்ரோகார்பன் மாசு கலந்து, வெளிப்பக்கத்தில் புள்ளி புள்ளியாக அரிப்பு வந்திருந்தது தெரிந்தது அதன் பிறகுதான். இரண்டு அலகுகளிலும் எல்லாக் குழாய்களையும் மாற்றினார்கள், 1-ஆம் அலகு 2019-இல் திரும்பியது. கசிந்த ஒன்றை மட்டும் மாற்றியிருந்தால் மற்ற 305 குழாய்களும் அதே வாயுவில் நனைந்தவையாகவே இருந்திருக்கும். காரணம் தெரியாதவரை பக்கத்து அலகையும் நிறுத்துவதே என் தேர்வு.