முதல் டிராவல் நர்சிங் வேலை: ஏஜென்சி தரும் வீடா, கையில் வாங்கும் பணமா?

அமெரிக்காவில் டிராவல் நர்ஸாக, அதாவது ஏஜென்சி மூலம் ஊர் ஊராகப் போய்ச் சில மாதக் கான்ட்ராக்ட்டில் வேலை பார்ப்பவராக, முதல் கான்ட்ராக்ட் எடுப்பவரிடம் ஏஜென்சியின் ரெக்ரூட்டர் சீக்கிரமே கேட்டுவிடும் கேள்வி இது: "தங்க வீடு நாங்கள் பார்த்துத் தரவா, வீட்டுக்கான பணத்தை ஸ்டைபெண்டாகக் கையில் வாங்கிக்கொள்கிறீர்களா?" எதில் பணம் அதிகம் மிஞ்சும் என்றுதான் பலரும் கணக்குப் போடுகிறார்கள். வழக்கமான 13 வாரமும் ஒழுங்காக ஓடி முடிந்தால் அந்தக் கணக்கு சரிதான். ஆனால் நடுவில் வேலை நின்றால் வாடகை யார் தலையில் விழும்? முதல் முறை போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

வேலை நிற்பது அபூர்வம் இல்லை. நோயாளிகள் குறைந்தால் ஆஸ்பத்திரி தன் நிரந்தர ஊழியர்களை வைத்துக்கொண்டு டிராவலர்கள் மேல்தான் முதலில் கை வைக்கும்.

ஸ்டைபெண்டை ஒரு உதாரணத்தோடு பார்க்கலாம். வீட்டுக்காக வாரம் 1,000 டாலர் தருகிறார்கள், வாடகை மாதம் 2,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். 13 வாரத்தில் 13,000 வரும், மூன்று மாத வாடகை 6,000 போகும், 7,000 மிஞ்சும். இந்த 7,000-ஐத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். நான்காவது வாரத்தோடு கான்ட்ராக்ட் ரத்தானால்? கைக்கு வந்தது 4,000. மூன்று மாதத்துக்கு லீஸ் எழுதியிருந்தால் கட்ட வேண்டியது 6,000. வேலையும் போய், 2,000 டாலர் சொந்தப் பணமும் போகும். போதாததற்கு, ஆஸ்பத்திரி ஒரு ஷிப்ட்டை ரத்து செய்தால்கூடப் பல ஏஜென்சிகள் அந்த அளவுக்கு ஸ்டைபெண்டைக் குறைக்கின்றன. உறுதியான மணிநேரம் எவ்வளவு என்று கான்ட்ராக்ட்டில் எழுதி வாங்குவது அதனால்தான் முக்கியம்.

ஏஜென்சி வீட்டில் லீஸ் பெரும்பாலும் ஏஜென்சி பெயரில் இருக்கும். கட்டில், சமையல் பாத்திரம், மின்சாரம் எல்லாம் ஏற்பாடாகி இருக்கும். அதற்கான செலவைச் சம்பளப் பேக்கேஜிலிருந்து கழித்துவிடுவார்கள். நீங்களே தேடினால் கிடைக்கும் விலையைவிட அது பெரும்பாலும் கூடுதல்தான். ஆஸ்பத்திரியே ரத்து செய்தால் மிச்ச வாடகை ஏஜென்சியின் பொறுப்பா என்று எழுத்தில் கேளுங்கள். நீங்களாக விலகினால் அதை உங்கள் கடைசிச் சம்பளத்தில் பிடிக்கும் ஷரத்து இருக்கலாம். அந்தப் பத்தியைப் படிக்காமல் கையெழுத்துப் போடவே போடாதீர்கள்.

ஊரும் கணக்கை மாற்றும். குளிர்காலத்தில் அரிசோனாவிலும் ஃபுளோரிடாவிலும் வடக்கிலிருந்து வயதானவர்கள் வந்து தங்குவார்கள். நர்ஸ் தேவையும் வாடகையும் சேர்ந்தே ஏறும். அந்த நேரத்தில் தொலைவில் இருந்துகொண்டு நல்ல வீடு பிடிப்பது கஷ்டம். சின்ன ஊர்களில் சாமான்களோடு வாடகை வீடு கிடைப்பதே அரிது. இப்படிப்பட்ட இடங்களுக்கு ஏஜென்சி வீடுதான் நிம்மதி. ஊர் பெரியதாகவும் வாடகை நிதானமாகவும் இருந்தால் ஸ்டைபெண்ட் ஜெயிக்கும்.

வரி விஷயத்தில்தான் தவறான பேச்சு அதிகம். ஸ்டைபெண்ட் தானாகவே வரியில்லாத பணம் ஆகிவிடாது. உங்களுக்கென்று ஒரு 'டாக்ஸ் ஹோம்' (வரிக் கணக்கில் உங்கள் நிரந்தர ஊராகக் கருதப்படும் இடம்) இருந்து, அங்கேயும் செலவு, வேலைக்குப் போன ஊரிலும் செலவு என்று இரட்டைச் செலவு இருக்க வேண்டும். ஒரே இடத்தில் ஒரு வருடத்துக்கு மேல் வேலை என்றாலும் சலுகை போய்விடும். வீட்டிலிருந்து 50 மைல் தாண்டினால் போதும் என்று சொல்வார்கள், அமெரிக்க வரித்துறையான ஐ.ஆர்.எஸ். விதிகளில் இதற்கு அப்படி ஒரு தூரக் கணக்கு இல்லை. இ.பி.-3 என்ற வேலைவாய்ப்பு வகைக் கிரீன் கார்டில் வந்து, முதல் முதலாளியிடம் ஒப்பந்தக் காலத்தை முடித்த நம் ஊர் நர்ஸ்கள் இதில் குறிப்பாகக் கவனமாக இருக்க வேண்டும். இருந்த அபார்ட்மெண்டையும் காலி செய்து, சாமானைக் காரில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனால், வேலை பார்க்கும் ஊரே டாக்ஸ் ஹோம் ஆகிவிடும். அப்புறம் ஸ்டைபெண்டுக்கு வரி உண்டு, ஏஜென்சி தரும் வீட்டின் மதிப்புக்கும் வரி உண்டு. கிளம்புவதற்கு முன் டிராவல் நர்ஸ்களின் வரி தெரிந்த கணக்காளர் ஒருவரைப் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று, முதல் வாரத்தின் களைப்பு. டிராவலருக்குப் பெரும்பாலும் ஒன்றிரண்டு ஷிப்ட்தான் ஓரியண்டேஷன், உடனே முழு எண்ணிக்கையில் நோயாளிகளைக் கொடுத்துவிடுவார்கள். வேறு வார்டுக்கு ஃப்ளோட் செய்ய, அதாவது அன்றைக்கு மட்டும் அங்கே போய் வேலை பார்க்க, ஆள் தேவைப்பட்டாலும் அவரைத்தான் முதலில் அனுப்புவார்கள். எபிக் என்ற ஆஸ்பத்திரி சாஃப்ட்வேரில் பழகியவர் வேறு சாஃப்ட்வேரில் நோயாளி விவரங்களைச் சார்ட் செய்ய வேண்டி வரலாம். 12 மணி நேர நைட் ஷிப்ட் முடித்துவிட்டு வீடு தேடி அலையும் நிலையில் யாரும் இருக்கக் கூடாது. நோயாளியின் பாதுகாப்பும் அதில் இருக்கிறது.

அதனால் என் தேர்வு இது. அறியாத, தொலைவான ஊருக்கு முதல் கான்ட்ராக்ட் என்றால், ரத்து ஷரத்து நியாயமாக இருக்கும்பட்சத்தில் ஏஜென்சி வீடு. காரில் ஒருமுறை போய்ப் பார்த்து வரக்கூடிய ஊர் என்றால் ஸ்டைபெண்ட். ஆனால் மாதாமாதம் புதுப்பிக்கும் வாடகை மட்டும். கான்ட்ராக்ட் ரத்தானால் 30 நாள் நோட்டீஸில் வெளியேறலாம் என்று வீட்டுக்காரரிடம் எழுதி வாங்குங்கள். சாமான்களோடு வாடகை வீடு தேட உதவும் ஃபர்னிஷ்டு ஃபைண்டர் போன்ற இணையதளங்களில் தேடலாம். எந்தத் தளமானாலும் வீட்டைக் காட்டுவதற்கு முன் பணம் அனுப்பச் சொல்பவரை அங்கேயே விட்டுவிடுங்கள். சந்தேகமாக இருந்தால் முதல் இரண்டு வாரம் சமையலறை உள்ள நீண்டகாலத் தங்கும் ஹோட்டலில் அறை எடுங்கள். செலவு கொஞ்சம் கூடும். ஆனால் அதற்குள் எந்தத் தெரு பாதுகாப்பானது, காலை ஏழு மணி ஷிப்ட்டுக்கு எப்போது கிளம்ப வேண்டும் என்பதை உடன் வேலை பார்ப்பவர்களே சொல்லிவிடுவார்கள்.