கடலூர் பக்கம் ஆட்டோமொபைல் டிப்ளமோ சேரப் போகிறவர்கள் கவனத்துக்கு

பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு கடலூர் பஸ் ஸ்டாண்டில் மறுபடியும் அந்த மஞ்சள் நோட்டீஸைக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஆறு மாதம், ஆட்டோமொபைல் டிப்ளமோ, 100 சதவீதம் வேலை. இதே நோட்டீஸை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு நெல்லிக்குப்பத்துக்குப் பஸ் ஏறியவன் நான், அதனால்தான் எழுதுகிறேன். அந்த இன்ஸ்டிடியூட்டின் பெயர் போடவில்லை. அவர்கள் கேஸ் போட்டால் அலைய எனக்குத் தெம்பில்லை, தவிர அந்தப் பெயரே வருஷத்துக்கு ஒரு தடவை மாறுகிறது.

58,000 ரூபாய் போனது. அம்மாவின் செயினை அடகு வைத்து முதலில் 20,000 கட்டினோம், அப்புறம் யூனிஃபார்ம், டூல் கிட், பரீட்சை ஃபீஸ் என்று மாதம் ஒன்று முளைத்தது. டூல் கிட் என்றால் நாலு ஸ்பேனர், ஒரு கட்டிங் பிளேயர், ஒரு டெஸ்டர், அவ்வளவுதான்.

உள்ளே ஸ்டாண்டில் ஒரு பழைய மாருதி 800 இன்ஜின், பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் அந்தக் காலத்துக் கார்புரேட்டர் வைத்தது. ஆறு மாதமும் அதையே கழற்றி அதையே மாட்டினோம். எங்களுக்கு முன்னால் எத்தனை பேட்ச் கை வைத்ததோ, போல்ட் தலையெல்லாம் மழுங்கி ஸ்பேனர் வழுக்கும், பிளேயரால்தான் திருகுவோம். வண்டியில் என்ன கோளாறு என்று காட்டும் ஸ்கேனர் ஒன்று கண்ணாடி அலமாரியில் பூட்டி இருந்தது. நச்சரித்து ஒருநாள் வெளியே எடுக்க வைத்தால், வண்டியில் சொருகுகிற கேபிளே இல்லை! 2020 ஏப்ரலிலிருந்து விற்கிற புது வண்டியெல்லாம் பிஎஸ் 6 என்கிற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வருபவை, சென்சாரில் கோளாறு என்றால் முதலில் ஸ்கேனரைத்தான் தேடுவார்கள், நாங்களோ கார்புரேட்டர் ஜெட்டை ஊதிக்கொண்டிருந்தோம்.

வேலை என்று புதுச்சேரி நூறடி ரோட்டில் ஒரு சர்வீஸ் சென்டருக்கு அனுப்பினார்கள். ஃபோர்மேன் அண்ணன் மல்டிமீட்டரைக் கையில் கொடுத்து, "பேட்டரி எவ்வளவு காட்டுதுன்னு பாரு தம்பி" என்றார். நான் நாபை ஏசி கரண்ட் அளக்கும் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு முழித்தேன். அவரே வாங்கிச் சரியாக வைத்து, "ஆஃப்ல இருக்கும்போது 12.6 வோல்ட் இருக்கணும், வண்டி ஓடும்போது 14 கிட்ட ஏறணும், ஏறலைன்னா சார்ஜ் ஏத்துற ஆல்டர்நேட்டரப் பாரு" என்று சொல்லிவிட்டு என்னை வாட்டர் வாஷுக்கு அனுப்பிவிட்டார். மாதம் 7,000. இன்ஸ்டிடியூட் கணக்கில் எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தாயிற்று. சண்டை போடப் போனால் நான் கையெழுத்துப் போட்ட படிவத்தை எடுத்து நீட்டினார்கள், அதில் பொடி எழுத்தில் 'வேலைவாய்ப்புக்கு உதவி' என்றுதான் இருந்தது.

வாசல் போர்டில் 'மத்திய அரசு பதிவு பெற்றது' என்று பெரிதாக இருக்கும், நான் விழுந்தது அதில்தான். அது உத்யம் பதிவு. சிறு தொழில் நடத்துகிறோம் என்று ஆன்லைனில் பதிவது, டீக்கடை வைத்திருப்பவரும் ஆதாரை வைத்துக் காசு செலவில்லாமல் வாங்கலாம். பக்கத்திலேயே ஐஎஸ்ஓ 9001 முத்திரை, அது நிர்வாக முறைக்குத் தருவது, படிப்புக்கு அங்கீகாரம் இல்லை. இதெல்லாம் செம்மண்டலம் ஐடிஐயில் நடந்த அப்ரண்டிஸ் மேளாவில்தான் எனக்கு விளங்கியது. அங்கிருந்த சார் என் சான்றிதழை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்து, "இதுல என்சிவிடி எங்கப்பா?" என்று கேட்டார், எனக்கு அந்தச் சொல்லே புதுசு. ஐடிஐ சான்றிதழில் இருக்கும் தேசிய தொழிற்பயிற்சி கவுன்சிலின் அங்கீகாரம் அது.

ஐடிஐயில் மோட்டார் வாகன மெக்கானிக் இரண்டு வருஷம் என்றும், டீசல் மெக்கானிக் ஒரே வருஷம் என்றும், தமிழ்நாட்டு அரசு ஐடிஐயில் படிப்புக் கட்டணமே இல்லை, மாதம் 750 ரூபாய் அவர்களே தருவார்கள் என்றும் அவர்தான் சொன்னார். அரசுப் பள்ளியில் ஆறாவதிலிருந்து படித்த பையன் என்றால் அரசின் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் இன்னும் 1,000. பாண்டிப் பக்கம் இருப்பவர்கள் மேட்டுப்பாளையம் அரசு ஐடிஐயில் கேட்டுப் பாருங்கள்.

சரி, அதிலாவது சேரலாம் என்று பார்த்தால் என் டிசியும் மார்க் ஷீட்டும் அந்த இன்ஸ்டிடியூட்காரர்களிடம். சேரும்போது 'வெரிஃபிகேஷன்' என்று வாங்கி வைத்ததுதான், 9,000 பாக்கி கட்டினால்தான் தருவோம் என்றார்கள். மாமா போய் வாசலிலேயே உட்கார்ந்து சத்தம் போட்டு வாங்கி வந்தார், அதற்குள் அட்மிஷன் முடிந்து அந்த வருஷம் போய்விட்டது. தயவுசெய்து ஒரிஜினலை எவனிடமும் விட்டுவிட்டு வராதீர்கள், ஜெராக்ஸ் போதும்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்று வெகு தாமதமாகத்தான் தெரிந்தது. 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ் இல்லை, ஆனால் இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும், எனக்கு நாள் கடந்துவிட்டது. போன வருஷ பேட்ச் பசங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது, முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போட்டுப் புகாரைப் பதியுங்கள். ரசீது இல்லை என்று விட்டுவிட வேண்டாம். எனக்கும் 20,000-க்குத்தான் துண்டுச் சீட்டு கொடுத்தார்கள், மீதியெல்லாம் ஓனர் மனைவி நம்பருக்கு ஜிபேயில் போட்டது. உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும், போனை மாற்றுவதற்கு முன் அந்த ஹிஸ்டரியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.