இரண்டு நாள் செயலமர்வா, வாராந்தக் கட்டிலருகுப் பயிற்சியா?

விசேட மருத்துவப் பயிற்சியில் இருக்கும் ரெஜிஸ்ட்ரார்களுக்குக் கட்டிலருகில் அல்ட்ராசவுண்ட் பார்க்கப் பழக்குவதற்கு எமக்கு இரண்டு வழிகள் இருந்தன: கொழும்பிலோ கண்டியிலோ நடக்கும் இரண்டு நாள் செயலமர்வுக்கு அனுப்புவது, அல்லது மலையகத்திலுள்ள எமது வைத்தியசாலை விடுதியிலேயே வாரம் ஒரு பிற்பகலை ஒதுக்குவது. இரண்டாவதைத் தேர்ந்தோம்; என் சாய்வும் அந்தப் பக்கமே.

செயலமர்வின் நன்மைகள் தெரிந்தவை: தேர்ந்த ஆசிரியர்கள், நல்ல இயந்திரங்கள், ஒழுங்கான பாடத்திட்டம். பதுளையிலிருந்து கொழும்புக்கு இரயிலில் ஒரு பகலே கழிந்துவிடும் என்றாலும் அதைச் சமாளிக்கலாம்.

கற்ற கை எத்தனை மாதம் நிலைக்கும் என்பதே என் முடிவைத் தீர்மானித்தது. அமெரிக்க அவசர மருத்துவர்கள் கல்லூரி ஒவ்வொரு வகைப் பரிசோதனைக்கும் 25 முதல் 50 வரையான ஸ்கேன்களைப் பரிந்துரைக்கிறது. இரண்டு நாளில் அது எட்டாது. அதோடு, செயலமர்வில் படுத்திருப்பவர் பெரும்பாலும் நோயற்றவர் என்பதால், நீர் கோத்த நெஞ்சை ஒருமுறையேனும் பாராமலே சான்றிதழ் பெற்றுவிடலாம்.

அப்படிச் சான்றிதழோடு வந்த ஒருவர், மூன்று மாதம் கழித்து, டெங்குக் காய்ச்சலின் ஐந்தாம் நாளிலிருந்த தோட்டத்துப் பெண்ணொருத்தியின் வலது விலாவில் ப்ரோப்பை (உடலில் வைத்துப் பார்க்கும் ஸ்கேன் கருவியின் கைப்பகுதியை) வைத்தார். தலைப்பக்கம் இருக்க வேண்டிய, ப்ரோப்பின் ஓரத்திலுள்ள திசைக்குறி காற்பக்கம் திரும்பியிருந்ததால், உதரவிதானத்துக்கு மேலே நெஞ்சறையில் தெரிந்த கறுப்புப் பட்டையை வயிற்று நீர் என்று குறித்துவிட்டார். இரண்டுமே டெங்கில் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிவதன் அடையாளம் என்பதால் அன்று சிகிச்சை மாறவில்லை. ஆனால் நெஞ்சில் குழாய் இட வேண்டிய நோயாளியாக இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று இரவெல்லாம் யோசித்தேன்.

டெங்கில் இரத்தத்தின் நீர்ப்பகுதி கசியும் கட்டம் 24 முதல் 48 மணித்தியாலம் நீடிப்பது. காலையில் கல்லீரலின் கீழே மெல்லிய கோடாகத் தெரிந்தது மாலையில் அகன்றிருக்கும். பித்தப்பைச் சுவர் தடித்திருக்கும். ஒரே நோயாளியை இப்படித் திரும்பத் திரும்பப் பார்ப்பதைச் செயலமர்வால் தர முடியாது. எங்கள் பயிற்சியில் ரெஜிஸ்ட்ரார் தாம் கண்டதை முதலில் எழுதி வைப்பார்; அதன் பிறகே நான் ப்ரோப்பைக் கையில் எடுப்பேன். சேமித்த படங்களை மாதம் ஒருமுறை கதிரியக்க வைத்திய நிபுணர் எங்களோடு இருந்து பார்க்கிறார். பிழைகளில் பெரும்பாலானவை அங்கேதான் பிடிபடுகின்றன.

விடுதியில் பழக்கும் இந்த வழி என் நேரத்தைத் தின்கிறது என்பது உண்மை. நான் விடுமுறை எடுத்தால் வகுப்பும் நின்றுவிடுகிறது. இதயத்தைப் பார்ப்பதில் என் அனுபவம் குறைவு என்பதால், அதற்குச் செயலமர்வே மேலாக இருக்கலாம். அதை மறுக்க மாட்டேன். நுரையீரலையும் வயிற்றையும் பொறுத்தவரை எனக்குத் தயக்கமில்லை. புதிதாக வருபவர்களுக்கு இப்போது முதல் வாரத்தில் அரை நாள் மட்டும், ப்ரோப்பைப் பிடிக்கவும் குறியைத் தலைப்பக்கம் வைக்கவும் சொல்லிக் கொடுத்துவிட்டு, நேரே விடுதிக்கு அழைத்துச் செல்கிறோம்.