போன்ஸ் ரெட்ஸ் பேரிங்: குவாட் ஸ்கேட்டில் எப்படி உழைக்கிறது?

காலுக்கு நான்கு சக்கரம் கொண்ட குவாட் ஸ்கேட்டில் சக்கரத்துக்கு இரண்டு வீதம் ஒரு ஜோடிக்கு 16 பேரிங்குகள் (உள், வெளி வளையங்களுக்கு நடுவே குண்டுகள் உருண்டு சக்கரத்தை அச்சில் சுழலவிடும் பாகம்) வேண்டும். ஸ்கேட்போர்டுக்கு 8 போதும் என்பதால் அந்த எண்ணிக்கையில் அடைத்த பெட்டியும் விற்பனைக்கு வருகிறது. கவனிக்காமல் வாங்கினால் ஒரு காலுக்கு மட்டுமே தேறும். அதைவிட முக்கியமானது அச்சின் அளவு. இன்றைய ஸ்கேட்டுகள் பெரும்பாலும் 8 மி.மீ. அச்சு கொண்டவை, அவற்றுக்கு 608 என்ற அளவு பொருந்தும். பழைய ஸ்கேட்டுகள் சிலவற்றிலும் சில தகடுகளிலும் (காலணிக்கு அடியில் அச்சுகளைத் தாங்கும் பகுதி) அச்சு 7 மி.மீ. ஆக இருக்கும், அதற்கு 627 வேண்டும். இரண்டுக்கும் வெளிவிட்டம் 22 மி.மீ., அகலம் 7 மி.மீ. என்பதால் சக்கரத்துக்குள் இரண்டுமே கச்சிதமாக உட்கார்ந்துவிடும், 7 மி.மீ. அச்சில் 608-ஐ மாட்டினால் சக்கரம் ஆடும்போதுதான் தவறு தெரியவரும்.

பெட்டிகளில் பெரிதாக அச்சிடப்படும் ஏபெக் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டியதில்லை. 1, 3, 5, 7, 9 என்று ஏறும் அந்தத் தரவரிசை, வளையங்களின் அளவும் சுழற்சியும் எவ்வளவு துல்லியமாக உள்ளன என்பதை மட்டுமே சொல்கிறது. எஃகின் தரம், குண்டுகளைப் பிடித்திருக்கும் கூட்டின் வடிவம், எந்த எண்ணெய் இடப்பட்டுள்ளது, காலை ஊன்றித் திரும்பும்போது பக்கவாட்டில் விழும் பாரத்தைப் பேரிங் எப்படித் தாங்கும் என்பன போன்ற, ஸ்கேட்டருக்கு உண்மையில் தேவையான எதையும் அது சொல்வதில்லை. ஒரு கணக்கைப் பாருங்கள். 57 மி.மீ. சக்கரம் மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் ஓடினால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,860 முறை சுற்றும். 608 அளவுப் பேரிங் அதைப்போலப் பல மடங்கு வேகத்தில் சுழலும் இயந்திரங்களிலும் பயன்படுவது. ஆகவே அதிவேகத்துக்கான துல்லியத்தைத் துரத்துவதால் நமக்குப் பெரிய ஆதாயம் இல்லை.

போன்ஸ் நிறுவனம் தன் பேரிங்குகளில் ஏபெக் எண்ணைப் போடுவதில்லை. அந்நிறுவனத்தின் ரெட்ஸ் பேரிங்கை நான் பரிந்துரைக்க அது மட்டும் காரணம் அல்ல. இதன் ஒரு பக்கத்தில் சிவப்பு ரப்பர் மூடி உள்ளது, மறுபக்கம் திறந்தே இருக்கிறது, குண்டுகளைப் பிடித்திருப்பது நைலான் கூடு. ஊசி முனையை மூடியின் உள்விளிம்பில் செருகி மெதுவாக நெம்பினால் மூடி வளையாமல் கழன்றுவரும்; குண்டுகளுக்கு நடுவே கருத்துப் பிசுபிசுத்துக் கிடக்கும் அழுக்கைக் கண்ணாலேயே பார்க்கலாம். இரும்பு மூடியை அழுத்தி நிரந்தரமாக அடைத்துவிட்ட பேரிங்குகளில் இந்த வசதி இல்லை. என் பார்வையில், திறந்து துடைக்க முடியாத பேரிங்கு எவ்வளவு உயர்ந்த எண்ணைத் தாங்கி வந்தாலும் வாங்கத் தகுந்ததன்று. ரெட்ஸின் குறை, அதன் திறந்த பக்கம்தான். மாட்டும்போது மூடி வெளியே பார்த்தும் திறப்பு சக்கரத்தின் உட்புறம் பார்த்தும் இருக்க வேண்டும். அப்படி மாட்டினாலும் புழுதித் தரையிலும் ஈரத்திலும் ஓட்டுபவர்களுக்கு இருபுறமும் ரப்பர் மூடி கொண்ட, கிரீஸ் இட்ட பேரிங்கே மேல்.

சுத்தம் செய்வது பெரிய வேலையல்ல, ஆனால் அவசரம் கூடாது. பேரிங்கைக் கழற்ற அதற்கென உள்ள கருவி நல்லது. அச்சு முனையில் மாட்டிச் சாய்த்து நெம்பினால் அந்த விசை குண்டுகள் ஓடும் தடத்தின் மீது விழும். முதலில் வெளிப்புறத்தை உலர்ந்த துணியால் துடைத்துவிட வேண்டும். இல்லையெனில் வெளியே ஒட்டியிருந்த மணல் கழுவும்போது உள்ளே போகும். மூடியைத் தனியே சோப்புத் தண்ணீரில் கழுவிக்கொண்டு, பேரிங்கை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் போட்டுக் குலுக்கி, திரவம் தெளிவாக வரும்வரை மாற்ற வேண்டும். பின்பு முழுவதும் காயவிட்டு உடனே எண்ணெய் இட வேண்டும், ஏனெனில் எண்ணெய்ப் படலம் போன எஃகில் துரு எளிதில் பிடிக்கும். ஒரு பேரிங்குக்கு ஓரிரு துளி போதும். அதற்கு மேல் விட்டால் வழிந்து தூசியைச் சேர்க்கும். துரு நீக்கவும் ஈரம் விரட்டவும் தெளிக்கும் சாதாரண ஸ்பிரேக்களை எண்ணெய்க்குப் பதிலாக அடிப்பது பரவலான பழக்கம், அதை விட்டுவிடுவது நல்லது: அவை இருக்கிற எண்ணெயையும் கரைத்துவிடும், தாமும் நிலைக்காது.

கையால் சக்கரத்தைச் சுழற்றி எவ்வளவு நேரம் சுற்றுகிறது என்று பார்ப்பதை வைத்து பேரிங்கை மதிப்பிடக் கூடாது. கிரீஸ் இட்ட புதுப் பேரிங் கையில் சீக்கிரம் நின்றுவிடும். உடல் எடை ஏறியதும் அந்த வேறுபாடு அவ்வளவாகத் தெரியாது. வேகம் குறைவதாகத் தோன்றினால் முதலில் அச்சு நட்டைப் பாருங்கள். நட்டை முழுதாக இறுக்கிவிட்டு, சக்கரத்தைப் பக்கவாட்டில் அசைக்கும்போது மிக மெல்லிய ஆட்டம் விரலுக்குத் தட்டுப்படும்வரை சிறிது சிறிதாகத் தளர்த்துவதே சரியான அளவு. உள்வளையங்களை நட்டு நெருக்கிக்கொண்டிருக்கும்வரை எந்தப் பேரிங்கும் சரியாக ஓடாது.

எஃகுக் குண்டுகளுக்குப் பதில் சிலிக்கான் நைட்ரைடு குண்டுகள் கொண்ட செராமிக் பேரிங்குகளும் உள்ளன. குண்டுகள் துருப்பிடிக்காது, எடையும் குறைவு. ஆனால் அவற்றில் பெரும்பாலானவற்றின் வளையங்கள் எஃகுதான், அவை துருப்பிடிக்கும். அந்தச் செலவை நல்ல சக்கரங்களில் போட்டால் தரையில் வித்தியாசம் உடனே தெரியும்.

கழுவி எண்ணெய் இட்ட பின்பும் விரலில் வைத்துச் சுற்றும்போது நறநறவென்று உறுத்தினால், தடத்தில் குழி விழுந்துவிட்டது என்று பொருள். அந்தப் பேரிங்கை மட்டும் மாற்றினால் போதும், 16-ஐயும் தூக்கி எறிய வேண்டாம்.