ஷண்டோடு பினாங்குக்கு: பறப்பதைவிட இறங்கிய பிறகுதான் கவனம்

மகனுக்குத் தலையில் ஷண்ட் இருப்பது தெரிந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, "பிளேன்ல கூட்டிக்கிட்டு வரலாமா?" என்பதுதான். வரலாம். மெல்பர்னிலிருந்து கோலாலம்பூருக்கு எட்டு மணி நேரம், அங்கிருந்து பினாங்குக்கு ஒரு மணி நேரம். பிள்ளை சாப்பிட்டான், தூங்கினான், வந்து இறங்கினான். ஆனால் பறப்பதை நினைத்துப் பயப்படும் அளவுக்கு, இறங்கிய பிறகு என்ன ஏற்பாடு என்று யாரும் கேட்பதில்லை. எனக்குக் கவலை அங்கேதான்.

தெரியாதவர்களுக்காக: மூளையைச் சுற்றி ஓடும் நீர் பெரியவர்களுக்கு ஒரு நாளில் ஏறத்தாழ அரை லிட்டர் சுரக்கிறது. வடிய வழியில்லாவிட்டால் அது தேங்கி அழுத்தம் ஏறும். ஷண்ட் என்பது அதை வடிக்கும் மெல்லிய குழாய். காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் ஒரு வால்வு, அங்கிருந்து கழுத்து, மார்பு வழியாக வயிற்றுக்குள் போகும். மகனுடையது காந்தக் கருவியால் வெளியிலிருந்தே நீர் வடியும் அளவை மாற்றக்கூடிய வகை. விமானத்துக்குள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருக்கும் அளவுக்குக் குறையும். தலைக்கும் வயிற்றுக்கும் சேர்ந்தே குறைவதால், இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசத்தை வைத்துத் திறக்கும் வால்வுக்கு அது பெரிய விஷயமில்லை. பினாங்குக் கொடிமலை உச்சியே 833 மீட்டர்தான். ரயிலேறிப் போகத் தயங்கவே வேண்டாம். அறுவை முடிந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது என்றால் மட்டும் கதை வேறு. மண்டைக்குள் காற்று தங்கியிருந்தால் மேலே போகப் போக அது விரியும். டாக்டர் சரி சொல்லாமல் டிக்கெட் எடுக்காதீர்கள்.

விமான நிலையச் சோதனை வாயில்களால் வால்வின் அளவு மாறாது என்றுதான் எங்கள் மருத்துவர்களும் சொன்னார்கள். கைக்கருவியை மட்டும் காதுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்வேன். திரும்பும்போது பினாங்கு விமான நிலையமான பாயான் லெப்பாஸில், வால்வின் விவரம் எழுதிய அட்டையை நீட்டினேன். அங்கிருந்த தமிழ்ப் பெண், "தம்பிக்கு எந்தப் பக்கம்மா?" என்று கேட்டு, அந்தப் பக்கத்தைக் கையாலேயே தொட்டுப் பார்த்து அனுப்பினார். அந்த ஒரு கேள்வியில் என் மனது நிறைந்துவிட்டது. கோலாலம்பூர் விமான நிலையத்தில் துணைக்கோளக் கட்டடத்திலிருந்து முதன்மைக் கட்டடத்துக்கு ஆட்களை ஏற்றி வரும் ஏரோட்ரெயின் என்ற சிறு ரயில் 2025 ஜூலையிலிருந்து மறுபடி ஓடுகிறது. நடை தள்ளாடும் பிள்ளை உள்ளவர்களுக்கு அது நல்ல செய்தி.

காந்தம்தான் வீட்டுக்குள் இருக்கும் வில்லன். 2020க்குப் பிறகு வந்த பல கைப்பேசிகளின் முதுகில் காந்தம் இருக்கிறது. பெரிய ஹெட்போன், டேப்லெட் உறை இவற்றிலும் உண்டு. வால்விலிருந்து ஐந்து சென்டிமீட்டராவது தள்ளி வைக்கச் சொல்கிறார்கள், அதனால் வால்வு உள்ள பக்கம் மகன் எதையும் காதில் மாட்டுவதில்லை. பெரியம்மா வீட்டில் அவனுக்கென்று ஆசையாக எடுத்து வைத்திருந்தது காந்தத் தலையணை! காரணத்தைச் சொன்னதும் மறுபேச்சில்லாமல் அலமாரியில் ஏற்றிவிட்டு, பஞ்சுத் தலையணை கொடுத்தார்.

அடுத்தது முடிவெட்டும் கடை. லிட்டில் இந்தியாவில் முடி வெட்டினால் கடைசியில் தலையைத் தட்டி, பிசைந்து, கழுத்தைச் சொடுக்கி எடுப்பது நம்மூர் உபசாரம். குழாய் கழுத்தில் தோலுக்கடியில்தான் ஓடுகிறது. அந்தச் சொடுக்கு என் மகனுக்குக் கூடவே கூடாது. உட்காரும் முன்பே அண்ணனிடம் சொன்னேன். அவர் விரலால் வால்வு இருக்கும் இடத்தை மெல்லத் தடவிப் பார்த்து, அங்கே மெஷினை விட்டுவிட்டுக் கத்தரியில் முடித்தார். பினாங்கின் தண்ணீர்மலைக் கோயில் முருகனுக்கு மொட்டை என்று மாமியாருக்கு ஒரு வேண்டுதல் இருந்தது. வால்வுக்கு மேலே தோல் மெலிசு. கத்தி பட்டுக் கிருமி புகுந்தால் பெரும்பாலும் முழு ஷண்டையும் எடுத்துவிட்டு வேறு வைக்க வேண்டிவரும். அதனால் பூமுடி கொடுத்தோம். மாமியார் மனதும் குளிர்ந்தது.

இனி முக்கியமானது. புறப்படும் முன் பினாங்கில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போன் போட்டு, இந்த வகை வால்வைச் சோதிக்கும் கருவி இருக்கிறதா என்று கேட்டேன். முன்மேசையில் யாருக்கும் தெரியவில்லை. ஒவ்வொரு பிரிவாக மாற்றிவிட்டுக் கடைசியில் இணைப்பே போய்விட்டது. இன்னொரு இடத்தில் ஒரு தாதி வால்வின் கம்பெனி, மாடல் இரண்டையும் எழுதிக்கொண்டு, மறுநாள் தானே கூப்பிட்டு, "இருக்குக்கா, எந்த நேரம்னாலும் எமர்ஜென்சிக்கு வாங்க" என்றாள். கருவி கம்பெனிக்குக் கம்பெனி வேறு. நரம்பியல் அறுவை நிபுணர் இருந்தால் மட்டும் போதாது. அங்கே எம்.ஆர்.ஐ. என்ற காந்த ஸ்கேன் எடுக்க நேர்ந்தால், பிறகு வால்வின் அளவைச் சரிபார்க்கவும் அதே கருவிதான் வேண்டும்.

அந்தப் போனுக்குப் பலன் கிடைத்தது. ஓர் இரவு மகனுக்குத் தலைவலியோடு வாந்தி. வெயிலா, சாப்பிட்ட நாசி கண்டார் சோறா, ஷண்ட் அடைப்பா? தலைவலி, வாந்தி, அசதித் தூக்கம் சேர்ந்து வந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. குழந்தைகளுக்கு வைக்கும் ஷண்டுகளில் ஏறத்தாழப் பாதி இரண்டு ஆண்டுக்குள் பழுதாகின்றன. நேரே அந்தத் தாதி சொன்ன இடத்துக்கே போனோம். தலை ஸ்கேன் எடுத்து, நான் கொண்டுபோன பழைய ஸ்கேன் படங்களோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தார் டாக்டர். மூளைக்குள் நீர் இருக்கும் அறைகள் பெரிதாகவில்லை, வயிற்றுக் கோளாறுதான். பழைய படம் இல்லாமல் புதுப் படத்தை மட்டும் வைத்து அவ்வளவு உறுதியாகச் சொல்லியிருக்க முடியாது என்றார். நலமாக இருக்கும்போது எடுத்த ஸ்கேனைக் கைப்பேசியிலும் குறுந்தட்டிலும் கொண்டுபோங்கள்.

செலவு விஷயம்: அரசு மருத்துவமனையின் ஒரு வெள்ளி (ரிங்கிட்), ஐந்து வெள்ளிக் கட்டணம் மலேசியக் குடிமக்களுக்குத்தான். நம் பிள்ளைகளுக்கு வெளிநாட்டவர் கட்டணம். பயணக் காப்புறுதியில் ஷண்டைச் சொல்லியே எடுங்கள், மறைத்தால் பணம் வராது. அவசர எண் 999. ஆஸ்திரேலியாவில் வளரும் பிள்ளைகளுக்கு 000 என்றுதான் கை போகும், அதனால் மகனின் கைப்பேசியில் முதல் வரிசையிலேயே 999, மருத்துவமனை, பெரியம்மா மூன்றையும் போட்டுக் கொடுத்தேன்.